கால் சுற்று

ஓலு நகரத்தில் ஜனவரி.
பத்து மணி தாண்டித்தான் வெளிச்சம் என்று ஒன்று வருகிறது,
வந்த காரியம் மறந்தவன்போல்
மூன்றுக்குள் திரும்பிவிடுகிறது.

இரவெல்லாம் துறைமுகச் சாலையில் பனி தள்ளிவிட்டு
காலுறைகூடக் கழற்றாமல்
பேஸ் கிட்டாரை மடியில் போடுகிறேன்.
தடித்த கம்பி. மூன்றாம் மெட்டு.
தொனி வரவேண்டிய இடத்தில்
போத்தலுக்குள் மாட்டிக்கொண்ட குளவி.

நவம்பரில் இப்படி இல்லை.
நவம்பரில் இது ஒரு சொல் சொன்னால்
அடிவயிறு உம் கொட்டும்.

டிரம்ஸ் அடிக்கிற ஓஸ்மோ சொல்கிறான்:
மேடையில் இது யார் காதிலும் விழாது, ஹில்க்கா.
உண்மைதான்.
மேடை மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை.
மிச்ச நாளெல்லாம் கேட்பவள் நான்.
பனி தள்ளும் தகடு ஒரு விரல்கடை தாழ்ந்தால்
வண்டி தார்ச்சாலையைச் சுரண்டும்;
அந்தச் சத்தத்தோடு எட்டு மணிநேரம் இருந்துவிட்டு
வீட்டிலும் அதையே கேட்க
எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

குற்றவாளி ஹீட்டர்.
என் உதட்டை வெடிக்கவிட்ட அதே வறட்சி
மரத்தின் ஈரத்தையும் குடித்திருக்கிறது.
கழுத்து பின்வாங்கி விறைத்து நிற்கிறது,
கடன் வாங்கியவன் நிற்பல்ல, கொடுத்தவன் நிற்பு.
கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே
ஒரு மூச்சு போக வழியில்லை.

எவ்வளவு வழியில்லை என்று அளக்கவேண்டும்.
மொபெட் பிளக்கின் இடைவெளி பார்க்கும் தகட்டுக்கொத்து
கராஜில் கிடந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு.
முதல் மெட்டை அழுத்த ஒரு கை,
கடைசி மெட்டை அழுத்த ஒரு கை.
தகட்டை நுழைக்க?
முழங்கையால் முயன்றேன். தாடையால் முயன்றேன்.
தகட்டைப் பல்லில் கடித்துக் குனிந்தபோது
இருட்டு ஜன்னலில் என்னைப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.

கீழ்வீட்டு துய்யாவின் கதவைத் தட்டினேன்.
போன வருடம் என் ஆம்ப்பைப் பற்றி
லிஃப்ட்டில் காகிதம் ஒட்டியவள்.
பல் ஆஸ்பத்திரியில் வேலை;
ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே
குச்சி விட்டு ஆழம் சொல்கிறவள்.
"மூன்றாவது கை ஒன்று வேண்டும்" என்றேன்.
என் முகத்தையும் தகட்டையும் மாறிமாறிப் பார்த்தாள்,
செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

நான் அழுத்தினேன்.
அவள் ஏழாம் மெட்டருகே தகட்டை விட்டாள்,
கம்பிக்கு வலிக்கும் என்பதுபோல.
"ஆக மெல்லியதே போகவில்லை."
நாற்காலியில் வாய் திறந்து கிடப்பவரிடம்
பேசுகிற குரல்.

கழுத்துக்குள் ஓர் இரும்புத்தண்டு ஓடுகிறது.
அதன் தலையில் ஆலன் சாவி.
இடப்பக்கம், கால் சுற்று.
மரம் டிக் என்றது.
இருவரும் கையை எடுத்துவிட்டோம்.
"உடைந்ததா?"
"தெரியாது."

காப்பி போட்டேன்.
மரம் அடங்க நேரம் வேண்டும் என்றேன்;
எனக்குத்தான் வேண்டியிருந்தது.
காகிதத்தைப் பற்றி அவளும் எடுக்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
இரண்டாவது கோப்பையில் அவளே சொன்னாள்:
"அது சத்தத்துக்காக இல்லை.
பாதியில் நிறுத்திவிடுகிறாய்."

இன்னொரு கால் சுற்று.
சுருதி மறுபடி கூட்டினேன்.
முப்பத்தைந்து என்று பொறித்த தகடு,
மூடப்போகும் லிஃப்ட்டுக்குள் ஒருக்களித்து நுழைபவன்போல்
உரசியும் உரசாமலும் போனது.
"போதும்" என்றாள் துய்யா.
"இதற்குமேல் ஆழம் என்றால் ஈறு நோய்."

மறுநாள் மதியம்
ஆம்ப்பைத் தரையில் வைத்தேன், ஒலியைக் குறைத்தேன்,
பிறகு கொஞ்சம் கூட்டினேன்.
தடித்த கம்பி. மூன்றாம் மெட்டு.
குளவி இல்லை.
தொனி மட்டும் தரையோடு போனது,
தரைக்குக் கீழேயும் போனது.

ஃபோன் ஒளிர்ந்தது.
"என் அலமாரியில் ஒரு தட்டு கிர்ரென்கிறது.
எது என்று தெரியவில்லை.
நிறுத்தாதே.
இன்னொரு முறை வாசி."