ஃபேன் ஐந்தில்

இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து
பனியனைக் கழற்றி எறிந்தீர்கள்.
கழுத்தில் ஆரம்பித்துக் காதுவரை ஏறுது,
உள்ள யாரோ அடுப்பு மூட்டுறாங்க என்றீர்கள்.
வெளியே மார்கழி.
மஞ்சக்குப்பத்து நாய்கள்கூடச் சுருண்டு கிடந்தன.

அந்த அடுப்பை எனக்குத் தெரியும்.
நாற்பத்தொன்பதில் எனக்குள் எரிந்தது.
அப்போது போர்வைக்குள்ளிருந்து
"குளிர்ல என்னடி ஃபேன்" என்று
எட்டி ஒன்றுக்குத் திருப்பிய கை
மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம்
ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்த கை.

எழுந்து போய் ஐந்தில் வைத்தேன்.
ஒன்றும் சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன்.
வாய் நிற்கவில்லை:
"இப்பத் தெரியுதா?"

முறைத்தீர்கள். பிறகு சிரித்துவிட்டீர்கள்.
சிரித்ததில் கொஞ்சம் சொட்டிவிட்டது.
கைலியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு
சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகிடம் சொன்னேன்,
சின்னவன் பிறந்ததிலிருந்து
தும்மினால் எனக்கும் அப்படித்தான் என்று.
உங்கள் காதில் இத்தனை வருஷம் போடாத செய்தி.

*

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றில் ஊசி.
புதுச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
கன்னியக்கோயில் பெட்ரோல் பங்க்,
தவளக்குப்பம் டீக்கடைப் பின்பக்கம் என்று
கழிப்பறைகளை எண்ணிக்கொண்டு வருகிறீர்கள்.
நான் பையில் மாற்றுக் கைலியும்
மருந்துக்கடையில் "மாமியாருக்கு" என்று வாங்கிய
பெரியவர் டயப்பரும் வைத்திருக்கிறேன்.
உங்கம்மா போய் பதினோரு வருஷம்.
மன்னிக்கட்டும்.

நம் பெரியவனைவிடச் சின்ன வயசு டாக்டர்
பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்,
உங்க ரெண்டு பேருக்குள்ள எப்படிப் போகுது?
நீங்கள் சுவர்க் காலண்டரில்
அமாவாசை எதுவென்று தேடினீர்கள்.
நான், "இருக்கோம் சார்" என்றேன்.

அன்றிரவு தலையணையோடு ஹாலுக்குப் போனீர்கள்.
உன் தூக்கம் கெடுது, தனக்கோட்டி.
மூன்று வாரம்.
விடியுமுன் பின்பக்கக் குழாயடியில்
சோப்பு தேய்க்கும் சத்தம் கேட்கும்,
திருடன் துவைப்பது மாதிரி.
ஒருநாள் போய்ப் போர்வையின் மறுமுனையைப் பிடித்தேன்.
இரட்டைப் போர்வையை ஒரு ஆள் பிழிய முடியாது.
நீங்கள் வலமாய், நான் இடமாய் முறுக்கினோம்.
பக்கத்து வீட்டு வேதவல்லி எட்டிப் பார்த்து
தினம் என்னக்கா என்றாள்.
உப்புக்காத்து, எதுவும் காய மாட்டேங்குது என்றேன்.

தலையணை உள்ளே வந்தது.

மார்பு நோவுது, சட்டை பட்டாலே நோவுது
என்று இருட்டில் சொன்னீர்கள்,
திருடிய பொருளைத் திருப்பித் தருகிறவர்போல.
அங்கே வைத்த கையை எடுத்தேன்.
வேறெங்கே வைப்பதென்று தெரியவில்லை.
முப்பத்தாறு வருஷத்தில்
எங்கே என்று நாம் கேட்டுக்கொண்டதே இல்லை,
கை தானாகப் போகும், வரும், முடிந்துவிடும்.
கேட்டேன்.
ரொம்ப நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.
காதுக்குப் பின்னால என்றீர்கள்.
அங்கே ஒரு தழும்பு இருந்தது,
கம்பத்தில் ஏறிய காலத்துக் கம்பி கிழித்தது.
எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

*

மாசி மகத்துக்கு மறுநாள், கூட்டம் வடிந்ததும்
தேவனாம்பட்டினம் போனோம்.
மணலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள்,
கட்டணக் கழிப்பறை எவ்வளவு தூரம் என்று.
பூட்டியிருந்தது.
உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு
இடுப்பளவுக்கு இறங்கிவிட்டேன்.
புடவை ஊதிப் பந்தாய் மிதந்தது.
லூசு என்றீர்கள்.
ஒரு அலை, இன்னொரு அலை.
உங்கள் தோள் மெல்லத் தளர்ந்தது.
நான் ஏன் என்று கேட்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோக்காரர்
சீட்டெல்லாம் நனையுமே பெருசு என்றார்.
கடல்தான் தம்பி, என்றீர்கள்,
கலியபெருமாள்,
என்னைப் பார்க்காமல்,
என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டு.