கசிவு

பதிவேட்டில் ஐந்து பத்திகள்:
இடது கால்வாய், வலது கால்வாய்,
நகரத்துக் குடிநீர், மழை, குறிப்பு.
ஆற்றுக்கென்று ஒன்றுமில்லை.
அச்சடித்தவன் மறந்திருக்க மாட்டான்.
ஆற்றில் மிச்சம் போகாமலிருக்கத்தானே
அணையே கட்டினார்கள்.

நான் லஸ்கர். ஷட்டர் திருகுகிறவன்.
காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்
தண்ணீர் எந்தக் கோட்டை நக்குகிறதென்று
பார்த்து எழுதுவது உத்தியோகம்.

இந்த வருஷம் இடவப்பாதி பேருக்குத் தூறிவிட்டு
மலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது.
கன்னிப்பூவுக்கு நாற்று பாவியாயிற்று.
நாகர்கோவிலில் குழாயடியில் குடங்கள்.
வந்ததையெல்லாம் கால்வாயில் தள்ளு என்று உத்தரவு.
தள்ளினேன்.
மூன்றாம் நாள் அணைக்குக் கீழே இறங்கிப் பார்த்தால்
ஆறு இல்லை, பாறைக்குழிகள் கிடந்தன,
ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாமல்.

குழிகளில் கல்லொட்டி.
தாடைக்குக் கீழே ஒரு வட்டம் உண்டு அதற்கு,
அதை வைத்துப் பாறையைப் பற்றிக்கொண்டு
ஓட்டத்துக்கு எதிரே நிற்கிற மீன்.
ஓட்டம் போனபின்
எதிரே நிற்க ஒன்றுமில்லாமல்
வெந்நீரில் மிதந்தது.
வயிறு நிறைய முட்டை.
முதல் வெள்ளத்தில் ஏறிப்போக வேண்டிய மாசம்.

அன்றைக்கு ராத்திரி
மணல்வாரி ஷட்டருக்கு அடியில்
ஒரு கருங்கல் சில்லை வைத்து இறக்கினேன்.
இரண்டு அங்குலம்.
குறிப்பு என்ற பத்தியில் எழுதினேன்: கசிவு.

உதவிப் பொறியாளர் ஜெபசிங் கடிதம் போட்டார்,
உடனே அடைக்கவும்.
ஷட்டர் ரப்பர் தேய்ந்துவிட்டது, ஐயா, என்றேன்.
மாற்றவும் என்று அடுத்த கடிதம்.
கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால்
ஜன்னலுக்கு வெளியே நாலு பக்கமும்
ரப்பர் மரம்,
சிரட்டை சிரட்டையாய்ப் பால்.

பத்தாம் நாள் வந்தாள் ஸ்வர்ணபாய்.
கடைமடையில் ஆறு மரக்கால் விதைப்பாடு.
ஸ்கூட்டரைக் கால்வாய்க்கரையில் சாய்த்துவிட்டு
ஹெல்மெட்டும் கழற்றாமல் கேட்டாள்:
"தண்ணி எங்க களவு போவுதுன்னு
மடை மடையா பாத்துட்டு வாறேன்.
கீழ நாத்து செவந்து நிக்கி. ஆராக்கும் கள்ளன்?"

அதிகாரிக்குச் சொன்ன பொய்
இவளிடம் வாயில் வரவில்லை.
நான்தான் என்றேன். கையைக் காட்டினேன்.

திட்டிக்கொண்டே இறங்கினாள்.
திட்டிக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகிக்
குழியில் கால் வைத்தாள்.
ஓட்டம் தொட்டுக் குளிர்ந்திருந்த குழி அது.
கணுக்காலில் காய்ந்திருந்த வயல்சேற்றுக்கு
ஒன்று வந்தது. பிறகு ஏழெட்டு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"எத்தர இருக்கும்?"
எண்ணவில்லை என்றேன்.
"எண்ணாமலா எனக்க தண்ணிய எடுத்து இதுக்குக் குடுத்தீரு?"

பதில் இல்லை என்னிடம்.
அவளிடம் ரசீதிருக்கிறது, நீர்த்தீர்வை கட்டியவள்,
நகைக்கடன் வேறு.
மீன் ஒரு மனுகூட எழுதியதில்லை.

மேலே ஏறி வந்து
ஷட்டரை நாலு சுற்று தூக்கச் சொன்னாள்.
கல்லைத் தானே உருவினாள்.
போயிற்று என்று நினைத்தேன்.
அவள் அதைப் புரட்டிப் பார்த்து,
ஒடுங்கின பக்கமாய்த் திரும்ப வைத்தாள்.
"அரை அங்குலம் எனக்கு. இறக்கும்."

அந்த அரை அங்குலம்
அவள் வரப்புக்குப் போய்ச் சேராது.
வழியில் எத்தனை வாழைத்தோட்டம், எத்தனை மோட்டார்.
என்னைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.
ஸ்கூட்டர் இரண்டு உதைக்குக் கிளம்பவில்லை,
மூன்றாவதில் கிளம்பியது.

பதிவேட்டில் எழுதினேன்:
கசிவு, ஓரளவு சரிசெய்யப்பட்டது.

ராத்திரி படுத்தபடி கேட்டேன்.
சத்தம் மெலிந்திருந்தது, நிற்கவில்லை.
மேல்குழியிலிருந்து நடுக்குழிக்கு வழி இருக்கும்.
கீழ்க்குழிக்கு இருக்குமா,
விடிந்ததும் டார்ச்சை வைத்துவிட்டு
இறங்கிப் பார்க்க வேண்டும்.