கூடாதுதான்

கிரிம்ஸ்பி, மருத்துவமனையின் இரண்டாம் மாடி.
கடிதம் தட்டும் அறையில் ஜன்னல் திறப்பதில்லை.
காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒரு மிதி.
மிதித்தால் டாக்டர் பேசுவார்,
விட்டால் பாதிச் சொல்லில் வாய் திறந்தபடி நிற்பார்.

கிளெனிஸ் பவுனால் பத்தொன்பது வருடமாக
அவர்களுடைய தயக்கத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

'மே வெல்' என்றால், அதேதான், அநேகமாக.
'குட் பாசிபிளி' என்றால் இன்னொரு ஸ்கேன்.
'வில் ஆல்மோஸ்ட் செர்ட்டன்லி' காதில் விழுந்தால்
டீயைத் தள்ளி வைத்துவிடுவாள்.

வில், மஸ்ட், ஷுட்:
தனியே வந்தால் விறைத்த ஆட்கள்.
பக்கத்தில் ஒரு ப்ராபப்ளி வந்து உட்கார்ந்ததும்
காலர் பொத்தானைக் கழற்றிவிடுகிறார்கள்.
'வில்'லுக்குப் பின்னால் அடக்கமாக வருகிற அதே ப்ராபப்ளி
'வோன்ட்' என்றால் மட்டும்
முந்திக்கொண்டு முன்னால் போய் நிற்கிறது,
துக்கச் செய்தி சொல்லப்போன வீட்டில்
முதலில் நுழைந்து நாற்காலி இழுத்துப் போடுகிறவன் மாதிரி.
இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.
விரல்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, பதினோராவது கடிதம்.
லெஸ்டர் உட்டிங், அறுபத்தொன்று.
நண்டுப் படகு. பழுதான இதயம்.
டாக்டர் த்ரெல்ஃபால் சாண்ட்விச்சை மென்றுகொண்டே பேசியிருக்கிறார்.
திரு. உட்டிங் இனி கடலுக்கு
(இங்கே ஓர் இருமல்)
ஒரு 'ரியலி' கேட்கிறது.
ஒரு 'ஷுடன்ட்' கேட்கிறது.
எது முன்னால்?

பின்னோக்கி ஓட்டினாள். மறுபடியும்.
ஏழாவது முறை அந்த இருமலே
அவளுக்குப் பழகிய ஆள் போல் ஆகிவிட்டது.

ரியலி முன்னால் என்றால்: போகவே கூடாது.
பின்னால் என்றால்: போகக் கூடாதுதான்.

அந்தத் 'தான்' இருக்கிறதே,
கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளை மறக்கிற கை அது.
அதன் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஓர் 'ஆனாலும்'
பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

டாக்டருக்கு ஃபோன் போட்டாள்.
"இரண்டும் ஒன்றுதானே கிளெனிஸ்?"
லிஃப்டைப் பிடிக்கச் சொல்லி யாரோ கத்துகிறார்கள்.
"எப்படிப் போட்டாலும் சரி."

எப்படிப் போட்டாலும்.
பழைய கோப்பைத் திறந்தாள்.
மார்ச் மாதம்: சிகரெட்டை அநேகமாகக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்.
ஜூன்: மாத்திரையை ஒருவேளை இனிமேல் தவறவிடமாட்டாராம்.
ஆளைப் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.
'தான்' போட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுகிற ஆள்.

ரியலியை முன்னால் வைத்தாள்.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒரு மனிதனின் கடல் முழுவதும்
ஒரு சொல் நகர்ந்ததில் வற்றிப்போனது மாதிரி.
கையெழுத்து டாக்டருடையது.
தபால்தலை இரண்டாம் வகுப்பு.

ஒன்பது நாள் கழித்து ஃபோன்.
வியாழக்கிழமை வர முடியாதாம், வேறு தேதி வேண்டுமாம்.
பிறந்த தேதியைச் சொன்னதும் அவள் பேனா நின்றது.

"கடிதம் வந்ததா, மிஸ்டர் உட்டிங்?"
"வந்ததே. நல்ல கடிதம்.
வியாழக்கிழமை காற்று இருக்காது என்கிறார்கள்.
ஐ மைட் ஜஸ்ட்...
சும்மா, கூண்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு..."

சும்மா.
பத்தொன்பது வருடத்தில்
எந்த டாக்டரும் சொல்லாத அளவு
தெளிவாக அந்த ஜஸ்ட் விழுந்தது.

"யூ ரியலி," என்று ஆரம்பித்தாள்.

அடுத்து வரவேண்டிய சொல்லுக்கு
மிதி எதுவும் இல்லை காலடியில்.
அந்தப் பக்கம் கடற்காகங்கள்.
அவர் ரொம்பப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்,
மூச்சு கொஞ்சம் வாங்கியது.