பின்படியில் இருவர்

செவ்வாய், வியாழன் நாலேகாலுக்கு
வேதியியல் ஆய்வகத்தின் பின்படியில்
ஒன்பதாம் வகுப்புத் திம்மராயனுக்கு
நான் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்று
பொன்னரசி டீச்சர் பட்டியல் ஒட்டினார்.
என் பெயருக்கு நேரே அவன் பெயர்.
நடுவில் ஓர் அம்புக்குறி,
என்னிடமிருந்து அவனுக்கு.

பத்தாம் வகுப்பில் தொண்ணூற்றேழு எனக்கு.
அம்புக்குறி சரிதான் என்று நினைத்தேன்.

ராயக்கோட்டை மண்டியில் தக்காளி இறக்கிவிட்டுத்
திரும்பும் டெம்போக்களின் புழுதி
படி வரைக்கும் வந்து உட்காரும்.
வீட்டில் அவனுக்குத் தெலுங்கு,
வகுப்பில் தமிழ்,
கணக்கில் இரண்டும் இல்லாத ஒரு மௌனம்.

மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ்,
எழுதிக்கோ, என்றேன்.
எழுதினான்.
பேனாவை மூடாமலே கேட்டான்:
"ஏன்க்கா?"

அது ரூல், என்றேன்.
"யார் போட்டது?"
அது அப்படித்தான், என்றேன்.
"ஊம்" என்றான்.
நம்பாதவர்கள் சொல்லும் ஊம்.

அன்றிரவு கைடைப் புரட்டினேன்.
விதி இருந்தது, கட்டத்துக்குள், தடித்த எழுத்தில்.
காரணம் இல்லை.
நாலு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டில்
ஒரு கதவைத் திறந்தே பார்க்காமல்
கோலம் மட்டும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வியாழன் சொன்னேன்:
"எனக்குத் தெரியல திம்மா."
காது சுட்டது.
அவன் சிரிக்கவில்லை.
ஒரு படி கீழே இருந்தவன் எழுந்து
என் படிக்கு வந்து உட்கார்ந்தான்.

எண்கோடு வரைந்தோம்.
தவளை ஒன்றைப் பின்னோக்கித் தாவவிட்டோம்,
அது நோட்டைத் தாண்டிப் போய்விட்டது.
கேலமங்கலம் பஸ் இரண்டு முறை அவனை விட்டுவிட்டுப் போனது.

மூன்றாம் வாரம், எதையோ கூட்டிக்கொண்டே வந்தவன் போல:
"எங்கம்மா குழுக்கடன் கட்றாங்கக்கா.
வாரம் ஐநூறு. அது மைனஸ்தானே?"
மைனஸ்தான்.
"மழையில தக்காளி அழுகிப்போச்சு,
மூணு வாரம் கட்ட வேணாம், தள்ளுபடின்னு சொன்னா?
மூணு தவணை போயிடுச்சு. அதுவும் மைனஸ்."
நான் பேசவில்லை.
"அப்ப கையில ஆயிரத்து ஐநூறு நிக்கும்ல?"

நின்றது.
படியில், புழுதியில், எங்கள் நடுவில் நின்றது.

"அப்படி யாராச்சும் தள்ளுவாங்களா?"
இந்த முறை கேட்டது நான்.
"கணக்குல தள்ளுவாங்க" என்றான்.

வீட்டுக்கு நடக்கையில் பார்த்தேன்,
கூட்டல் குறி என்பதே
படுத்திருக்கும் ஒரு மைனஸின் மேல்
இன்னொரு மைனஸ் எழுந்து நிற்பதுதான்.
இதை எந்தக் கைடிலும் போட மாட்டார்கள்.
நிரூபணம் இல்லை என்பார்கள்.

மறுநாள் இயற்பியல் வகுப்பில்
பதினோரு வருஷமாய் விடை சொல்ல மட்டுமே தெரிந்த கை
மெல்ல உயர்ந்தது.
"என்ன, பாத்ரூமா?" என்றார் சார்.
இல்லை சார்,
ஏன்னு கேக்கணும்.

அரையாண்டில் அவனுக்கு நாற்பத்தொன்று.
எனக்கு ஆறு மதிப்பெண் குறைந்தது.
அந்தப் பையனால்தான் என்றாள் அம்மா.
காய்ச்சலால் என்றேன்.
ஓரளவு உண்மை.

பட்டியலின் முன்னால் யாருமில்லாத ஒரு மதியம்
அம்புக்குறியின் இந்தப் பக்கமும்
ஒரு முனை வரைந்துவிட்டு ஓடினேன்.
மாலைக்குள் பொன்னரசி டீச்சர் அதைச்
சிவப்பு மையால் அடித்திருந்தார்,
நோட்டீஸில் கிறுக்காதீர்கள் என்று பக்கத்தில் எழுதி.
அடித்த கோடும்
மைனஸ் போலத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பின்னம்.
"தலைகீழாக்கிப் பெருக்கணும், அவ்வளவுதானேக்கா?"
என்று கேட்டுவிட்டு
என் முகத்தையே பார்க்கிறான்.

நான் பேனா மூடியைக் கழற்றி
ஒரு படி கீழே இறங்கி உட்காருகிறேன்.