லின்ஸெ

ஜெர்மன் மொழியில் பருப்புக்கும் கண்ணாடி வில்லைக்கும்
ஒரே சொல்தான்.
யேனாவுக்கு வந்த முதல் வாரம் கடையில் நின்று
லின்ஸெ வேண்டும் என்றேன்.
சமைக்கவா, பார்க்கவா என்று கேட்டுவிட்டுக்
கடைக்காரர் தானே சிரித்துக்கொண்டார்.
இந்த ஊரில் இரண்டும் கிடைக்கும்.

இன்றிரவு திரையில் இருப்பதும் அதுதான்:
ஊறப்போடாத ஒற்றை மைசூர்ப் பருப்பு,
ஓரம் மெலிந்து
நடுவில் கொஞ்சம் தொப்பையுமாய்.
கைகள் இல்லாத கேலக்ஸி.
வாயு தீர்ந்துவிட்டது,
புது விண்மீன் பிறந்து யுகமாகிறது,
இருப்பதெல்லாம் வயதான மஞ்சள்.
பெயர் கிடையாது. பட்டியலில் ஓர் எண்,
ரேஷன் கார்டு எண் போல நீளமாய்.

பக்கத்தில் சுருள் ஒன்று. சின்னது, நீலம்,
ஒரு கை மட்டும் பிய்த்து இழுத்தாற்போல்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு கறை.

அதை எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர் ஹோல்ஸ்ஹாயர்.
வில்லையில் சிதறிய ஒளி,
யாராவது விரல் வைத்திருப்பார்கள்.
என் வேலையே அதுதான், வானத்தைத் துடைப்பது:
செயற்கைக்கோள் கீறல், தூசி,
மலைக்காட்டின் ஈரம் ஏறிய மங்கல்.

துடைத்தேன்.
மூன்று இரவுப் படங்களை
நகர்த்தி, கழித்து, அடுக்கிப் பார்த்தேன்.
தூசி என்றால் கண்ணாடியோடு நிற்கும்.
இது வானத்தோடு போனது.

பாலம், என்றேன்
யாருமில்லாத அறையில்
தமிழில்.
நீலத்திலிருந்து மஞ்சளுக்கு
வாயு ஒழுகிக்கொண்டிருக்கிறது,
இருபது கோடி ஆண்டுக்கு முந்திய ஒழுகல்.
பருப்பின் விளிம்பில், நம்பமாட்டீர்கள்,
ஊசிமுனை அளவில்
நீலப் புள்ளி மூன்று.

கட்டுரைகளில் மோதல் என்று எழுதுகிறோம்.
ஒரு விண்மீன்கூட இன்னொன்றில் இடிக்காது,
அவ்வளவு இடைவெளி.
ஆனாலும் கலைந்துபோகும்
இரண்டு வீடும்.

இது எனக்குத் தெரிந்த கதை.
அடுத்த வீட்டு ஆனெக்ரெட்
சனிக்கிழமை ஆணி அடித்தால்
என் சுவரில் படம் சாய்கிறது.
ஏழு வருடத்தில் நாங்கள் பேசியது
குப்பைத்தொட்டி பற்றி, பார்சல் பற்றி,
பிறகு ஒருமுறை, அவள் கணவர் இறந்தபோது,
அகராதி பார்த்து நான் ஒத்திகை செய்துபோன
ஒரே ஒரு வாக்கியம்.
அவள் இருமல் எனக்கு மனப்பாடம்.
என் தாளிப்பு
அவள் திரைச்சீலையில் குடியிருக்கும்.

காலை ஏழரைக்குப் பேருந்தைவிட்டு இறங்கி வந்தேன்.
வாசற்படிப் பனியில்
உப்புத் தூவிக்கொண்டிருந்தாள்.
தன் பாதிக்கு. அதன்பின் நிமிராமல்
என் பாதிக்கும்.

ராத்திரி முழுக்க அங்கே என்னதான் பார்ப்பீர்கள், என்றாள்.
ஏழு வருடத்தில் முதல் கேள்வி.
தூக்கக் கலக்கத்தில் பாதிச் சொல்தான் வந்தது:
லின்ஸெ.
ஓ, என்றாள். நாங்கள் அதில் வினிகர் விடுவோம்.

திருத்தியிருக்கலாம்.
புளி, என்றேன்.
அந்தச் சொல்லுக்கு அவள் மொழியில் என்னவென்று
இருவரும் படியிலேயே நின்று தேடினோம்,
காலடியில் உப்பு
பனியைத் தின்னும் சத்தத்தில்.

டாக்டர் ஹோல்ஸ்ஹாயருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.
கறையை எடுக்கவில்லை என்று
ஒரு வரி போடவேண்டும்
படுப்பதற்குள்.