நிறுவாமல்

சங்கத்துக் கணினியில் ஹார்ட் டிஸ்க் இல்லை.
உப்புக்காற்று தின்றுவிட்டதாம்.
கஸ்தூரியார் வீதிக் கடைப் பெடியன்
அதைக் காதோடு வைத்துக் குலுக்கி
"அக்கா, உது முடிஞ்சுது" என்றான்.
புதிது வாங்கக் கமிற்றி காசு ஒதுக்கவில்லை.
ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு ஒதுக்கியது.

அவன்தான் தந்தான் இந்தப் பென் ட்ரைவை,
சின்னி விரலில் பாதி, உள்ளே ஒரு முழு லினக்ஸ்.
தொலையாமல் தங்கூசியில் கட்டி
வலை மிதப்பு ஒன்றும் கோத்திருக்கிறேன்.
தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா என்று
இன்னும் ஒருவரும் சோதிக்கவில்லை.

விடிய ஐந்தரை.
எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டவேண்டும்.
பிந்தினால் இல்லாத டிஸ்கைத் தேடிப்போய்
கறுப்புத் திரையில் நின்றுவிடும்.
பிறகு கேட்கும்:
நிறுவவா, நிறுவாமல் முயன்று பார்க்கவா?
முயன்று பார்க்கிறேன்.
இரண்டு வருடமும் நாலு மாதமுமாய்
முயன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒவ்வொரு காலையும் அதற்கு நான் புது ஆள்.
நேற்றுப் பழக்கிய தமிழ் விசைப்பலகையை
இண்டைக்கும் பழக்கவேண்டும்.
கணக்கு மட்டும்
பென் ட்ரைவில் நானே பிரித்த மூலையில் தங்கும்:
ஆர் எத்தனை கிலோ, எத்தனை நண்டு கோது,
கூலர்க்காரன் ஐசுக்கென்று எவ்வளவு கழித்தான்.

போன மாசம் யூட் டறன்சனின் மகன்
"படம் ஒண்டு கொப்பி பண்ணோணும்" என்று
ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டான்.
கணினி உடனே சாகவில்லை.
எஞ்சின் நின்ற பிறகும் வள்ளம் கொஞ்சத் தூரம் போகுமே,
அப்படி மவுஸ் நகர்ந்தது.
பிறகு அதுவும் இல்லை.
திரும்பச் செருகினேன். ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
சேமிக்காத பதினொரு பேர் திரையில் உறைந்து நிற்க,
பேனை எடுத்து
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எழுதினேன்.
பிறகுதான் வயரைக் கழற்றினேன்.
அன்று கூலர்க்காரன்
என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காசு எண்ணினான்.

கடற்றொழில் கந்தோரிலிருந்து வந்தவர் கேட்டார்,
"ஏன் பிள்ளை, உதை ஒழுங்கா இன்ஸ்ரோல் பண்ணினால் என்ன?"
"எங்க சேர் பண்ணுறது?"
பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினேன்.
நாலு ஆணித் துளை. எறும்பு.
பலகையில் காசு மாதிரி ஒரு பற்றரி, அதுவும் செத்தது.

அதனால் திகதியும் தெரியாது அதற்கு.
கண் விழித்ததும்
2002 தை முதலாம் திகதி என்கிறது,
மூலையில், சின்ன எழுத்தில், கூச்சமே இல்லாமல்.
இன்ரநெற் இருந்தால் தானே திருத்துமாம்.
சங்கத்தில் இல்லை.

பற்றரி நூற்றைம்பது ரூபாய்தான்.
வாங்கிவிட்டேன்.
மாசியிலிருந்து லாச்சிக்குள்
ரசீதுப் புத்தகத்துக்குக் கீழே உறை பிரிக்காமல் கிடக்கிறது.

அங்கத்தவர் பட்டியலில்
நாற்பத்தொன்றும் ஐம்பத்தேழும் வெறும் கட்டம்.
அந்த இலக்கங்களை வேறு ஒருவருக்கும் கொடுப்பதில்லை.
பழைய கொப்பியில் பார்த்தேன்:
2002 தையில் இருவரும் சந்தா கட்டியிருக்கிறார்கள்,
ஐம்பத்தேழு இரண்டு ரூபாய் குறைவாக.
பிறகு தருவதாய்ச் சொல்லியிருக்கவேண்டும்,
பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

திருத்த முன்னம் ஒரு நிமிசம்,
சிலவேளை இரண்டு,
கதிரையில் சும்மா இருப்பேன்.

இறங்குதுறையில் முதல் வள்ளத்தின் சத்தம்.
தராசுத் தட்டைத் துடைத்து வைக்கிறேன்.
ஆண்டை ஒவ்வொன்றாகத்தான் மேலே தட்டலாம்,
பாயவிடாது.
மூன்று, நாலு, ஐந்து,
ஆறிலிருந்து விரல் வேகமாகும்,
ஒன்பதைப் பார்க்கமாட்டேன்,
பிறகு மெல்ல.

யூட் டறன்சன். நண்டு.
பதினெட்டுக் கிலோ, இருநூறு கிராம்.
சேமி.