இடது பூட்ஸில் சிவப்பு நூல்

ஒருரோவில் மூச்சைக் கடன் வாங்கித்தான் விடவேண்டும்.
மூவாயிரத்து எழுநூறு மீட்டர்.
விடுதி வாசலின் ஏழு படிக்கே
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
தெருவோரப் பலகையில் ஓர் இருக்கை, எண் நாற்பத்திரண்டு.
பேரம் பேசத் தெம்பில்லை,
சொன்ன விலைக்கே வாங்கினேன்.

நாற்பத்து மூன்றில் தோன்யா பிரிமித்திவா.
வட்டத் தொப்பி, மடியில் கோகா இலைப் பை,
காலடியில் துணி சுற்றிய அவித்த சோளம்.
விடியுமுன் வந்துவிட்டாளாம்.
என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
நான்கு இலை எடுத்து நீட்டினாள்:
"மெல்லாதே. கன்னத்தில் அடக்கிக்கொள்."

கீழே பித்தளை வாத்தியங்கள் ஓயவேயில்லை.
கொம்பு வைத்த பிசாசுகள் நூறு நூறாய்.
ஒரு பிசாசு நடுத்தெருவில் நின்று
முகமூடியைத் தூக்கி ஆரஞ்சுச் சாறு குடித்தது.
கரடி வேஷக்காரன் கைபேசியில்
யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே ஆடினான்.
எந்த வீட்டுப் பொடியனோ
என் காதுக்குள் நுரை பீய்ச்சிவிட்டு ஓடினான்.

"என் மகன் எவரிஸ்தோ வருவான், மொரெனாதாவில்.
முந்நூறு பேர், முந்நூறும் ஒரே முகம்.
பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு.
சுரங்கத்துக்கு இழுத்துவந்த அடிமைகளுக்கு
இந்தக் காற்று போதாமல் தொங்கிய நாக்கு அது."
நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எப்படி அடையாளம் காண்பீர்கள்?"
"இடது பூட்ஸில் சிவப்பு நூல். நான்தான் தைத்தேன்."

நான்கு மணி நேரம் எவரிஸ்தோ வரவில்லை.
வெயில் சுட்டது, நிழல் குளிர்ந்தது,
ஒரே பலகையில் இரண்டும்.
ஐந்தாவது மணியில் அவளால் அடக்க முடியவில்லை.
கழிப்பறை வரிசை தெருமுனை தாண்டி நின்றது.
இலைப் பையையும் சோளத்தையும் எவரிஸ்தோவையும்
என் பொறுப்பில் விட்டுப் போனாள்.

வந்தது.
வேறெப்போது வரும்?

மத்ராக்காக்கள் ஒரே கழுத்தாய்க் கரகரத்தன.
வெள்ளி முகங்கள், பீப்பாய் பீப்பாயாய் உடைகள்,
அடியில் பூட்ஸ், பூட்ஸ், பூட்ஸ்.
ஒன்றில் ஏதோ சிவந்தது.
நூலா, ஒட்டிய காகிதத் துண்டா?
எழுந்து, இல்லாத மூச்சையெல்லாம் திரட்டி
"எவரிஸ்தோ!" என்று கத்தினேன்.
மூன்று முகங்கள் திரும்பின.
மூன்றுக்கும் கையசைத்தேன்.
நடுவில் வந்தவன் ஒரு அடி பிந்தினான்.
ஆட்டமே அப்படித்தானோ என்னவோ.

அவள் திரும்பியபோது
தெருவில் அவர்கள் முதுகுகூட இல்லை.
"பார்த்தாயா?"
"பார்த்தேன்."
"அவன்?"
"உங்கள் இடத்தைப் பார்த்துக் கையசைத்தான்."

சொன்ன பிறகே உறைத்தது.
ஒரு கையில் மத்ராக்கா, மறு கையில் சாட்டை.
அசைக்க இன்னொரு கை வேண்டும்.

பாவாடை மடிப்புகளை நீவிவிட்டு
மெதுவாக உட்கார்ந்தாள்.
"அவனுக்கு மூன்றாவது கை உண்டு" என்றாள்,
"மாதக் கடைசியில் என்னிடம் நீட்டுவான்."
அவள் தொப்பி குலுங்கியது.
எனக்குச் சிரிக்கவும் மூச்சு போதவில்லை.

ஊர்வலம் முடிகிற கோயிலில்
முகமூடி கழற்றி முழங்காலில் போவார்களாமே,
அங்கே போனால் முகம் பார்க்கலாமே என்றேன்.
"அங்கே அவன் மாதாவைப் பார்க்கப் போகிறவன்.
நான் எதற்குக் குறுக்கே?"

அடுத்த பேண்டு தெருவுக்குள் திரும்பியது.
ஆறிப்போன சோளத்தை முழங்காலில் வைத்து ஒடித்து
பெரிய பாதியை எனக்குத் தந்தாள்.
இலையைத் துப்பிவிட்டு வாங்கிக்கொண்டேன்.